‘பீஸ் அண்ட் ஜாய்’: ஓர் ஆங்கில வாசகத்தை ரூன் எழுத்தில் பொறிப்பது எப்படி?

நண்பரின் புதுமனைக்குப் பரிசளிப்பதற்காக ‘பீஸ் அண்ட் ஜாய்’ (சமாதானமும் மகிழ்ச்சியும்) என்னும் ஆங்கில வாசகத்தை ஒரு மரப்பலகையில், ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் பழைய ரூன் எழுத்துகளால் செதுக்க விரும்புவதாகவும், ஏ முதல் இசட் வரை ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் உரிய ரூன் எது, ஜே, கியூ, எக்ஸ் ஆகியவற்றுக்கு ரூன் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படியோர் அட்டவணை பண்டைக் காலத்தில் இருந்ததே இல்லை. இருபத்தாறு எழுத்துக்கு இருபத்தாறு ரூன் என்று இன்று கிடைப்பவை எல்லாம் நம் காலத்தவர் தொகுத்தவை. ஆயினும் உங்கள் வாசகத்தை முறைப்படி எழுத வழி உண்டு. ரூன்களைப் பொறித்தவர்கள் தங்கள் வாயில் வந்த ஒலியையே பொறித்தார்கள். ஆகவே நீங்களும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டலை ஒதுக்கிவிட்டு அதன் ஒலியைப் பிடிக்க வேண்டும். அதற்கும் முன்பாக, எந்த நாட்டு, எந்தக் காலத்து ரூன் வரிசையில் எழுதுவது என்பதை முடிவுசெய்ய வேண்டும்.

ரூன் என்ற ஒரே பெயரில் பல வரிசைகள் உள்ளன. அவற்றுள் மிகப் பழையது மூத்த ஃபுதார்க். வரிசையின் முதல் ஆறு ரூன்களின் ஒலிகளைச் சேர்த்துச் சொன்னால் வருவதே இந்தப் பெயர். இதில் 24 ரூன்கள், எட்டு எட்டாக மூன்று குழுக்கள். டென்மார்க்கின் ஃபியூன் தீவில், வீமோசே சதுப்பு நிலத்தில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 160ஆம் ஆண்டைச் சேர்ந்த சீப்பு ஒன்றில் ‘ஹர்யா’ என்று ஐந்து ரூன்கள் உள்ளன. ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் கிடைத்த கில்வர் கல்லில் 24 ரூன்களும் நம் அரிச்சுவடியைப் போல வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அதன் காலம் ஏறத்தாழ கி.பி. 400. இன்று பதக்கங்களிலும் பச்சைக்குத்தலிலும் ‘வைக்கிங் எழுத்து’ என்று காட்டப்படுவது பெரும்பாலும் இந்த மூத்த வரிசைதான். ஆனால் 793இல் வைக்கிங்குகள் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கிய காலத்தில் இவ்வரிசை வழக்கொழிந்து கொண்டிருந்தது. 9ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனின் ரோக் என்னும் இடத்தில் பெருங்கல் ஒன்றைப் பொறித்தவர், தம் காலத்து ரூன்களிலேயே மிகப் பெரும்பகுதியை எழுதிவிட்டு, மூத்த ரூன்களை ஓரிடத்தில் மறையெழுத்தாகப் பயன்படுத்தினார். அவர் காலத்திலேயே அவை பழம்பொருளாகிவிட்டிருந்தன.

வைக்கிங்குகள் உண்மையில் எழுதியது இளைய ஃபுதார்க். இதில் 16 ரூன்களே உண்டு. மொழியின் ஒலிகள் பெருகிக்கொண்டிருந்த காலத்தில் எழுத்துகள் 24இலிருந்து 16ஆகக் குறைந்தன என்பது ஐரோப்பிய வாசகர்களுக்குப் புதிராகவே தோன்றுகிறது. தமிழருக்கு இதில் புதிர் ஏதும் இல்லை என்பது என் எண்ணம். ‘கல்’ என்பதில் வரும் ககரமும் ‘தங்கம்’ என்பதில் வரும் ககரமும் வெவ்வேறு ஒலிகள், எழுத்தோ ஒன்றுதான். தகரமும் டகரமும் பகரமும் அப்படியே. அதிர்வுள்ள ஒலிக்கும் அதிர்வற்ற ஒலிக்கும் சேர்த்து ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எந்த ஒலி என்பதைப் படிப்பவர் அறிவுக்கே விட்டுவிடுகிறோம். இளைய ஃபுதார்க்கும் இதையேதான் செய்தது. உயிரொலிகளில் அது இன்னும் சிக்கனம் காட்டியது: உகர ரூன் ஒன்றே உ, ஒ, வ ஆகிய ஒலிகளுக்கு நின்றது, இகர ரூன் இ, எ, ய ஆகியவற்றுக்கு நின்றது.

இதைக் கண்முன் காண யெல்லிங் கல்லைப் பார்ப்பது நல்லது. டென்மார்க் அரசர் ஹரால்ட் புளூடூத், தம் தந்தை கோர்ம், தாய் தீரா ஆகியோர் நினைவாக ஏறத்தாழ 965இல் நிறுத்திய கல் அது. டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் வென்று டேனியரைக் கிறிஸ்தவராக்கியவர் ஹரால்ட் என்று அது அறிவிக்கிறது. கோர்ம் என்ற பெயரின் முதல் ஒலி ‘தங்க’த்தின் ககரம், கல்லில் இருப்பது ‘கல்’லின் ககரத்துக்கு உரிய ரூன், அடுத்து ஒகரத்துக்கு ரூன் இல்லாததால் உகரம். ஆக ‘குர்ம்’ என்று பொறித்திருக்கிறார்கள். நாட்டின் பெயரிலோ முதல் ஒலி ‘டாக்டர்’ என்பதில் முதலில் வரும் ஒலி. கல்லில் இருப்பது ‘டைகர்’ என்பதன் தொடக்க ஒலிக்கு உரிய ரூன். அரசர் என்னும் பொருள் தரும் ‘கோனுங்ர்’ என்ற சொல் ‘குனுக்ர்’ என ஆறு ரூன்களில் நிற்கிறது. இங்கே ங் என்ற ஒலி எங்கே போயிற்று? வல்லின ஒலிக்கு முன்னால் வரும் அதன் இன மெல்லொலியை எழுதாமல் விடுவது அவர்கள் வழக்கம். தங்கம் என்பதைத் ‘தகம்’ என்று எழுதிவிட்டு, படிப்பவர் ஙகரத்தைத் தாமே சேர்த்துக்கொள்வார் என்று நம்புவது போன்றது அது. இரட்டித்த மெய்யையும் ஒருமுறைதான் பொறித்தார்கள். ‘அல்லா’ என்ற சொல் (முழுவதும் என்று பொருள்) கல்லில் ‘அலா’ என்றே உள்ளது. ஓலைச்சுவடிகளில் புள்ளியின்றி எழுதியதை நம் முன்னோர் பொருளறிந்து படித்ததை நினைத்துப் பார்த்தால், இந்தக் கல்லைப் படித்தவர்களின் திறமும் விளங்கும். இதே ஹரால்டின் பெயரின் முதல் ஒலிக்கும் பட்டப்பெயரின் முதல் ஒலிக்கும் உரிய இளைய ஃபுதார்க் ரூன்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிணைத்ததுதான் உங்கள் செல்பேசியில் உள்ள புளூடூத் சின்னம்.

இந்தச் சிக்கனம் பிற்காலத்தில் போதவில்லை. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டு முதல் புள்ளியிட்ட ரூன்கள் வழக்கில் வந்தன. ககர ரூனின் மேல் ஒரு புள்ளி வைத்தால் அதிர்வுள்ள ககரம்; இகர ரூனில் புள்ளி வைத்தால் எகரம். நார்வேயின் பெர்கன் நகரில், பிரிக்கென் துறைமுகப் பகுதியில் 1955இல் நேர்ந்த தீவிபத்துக்குப் பின் நடந்த அகழாய்வில், அன்றாடச் செய்திகளைத் தாங்கிய நூற்றுக்கணக்கான ரூன் குச்சிகள் கிடைத்தன. ‘நீ வீட்டுக்கு வர வேண்டும் என்று கீதா சொல்கிறாள்’ என்று ஒரு குச்சி சொல்கிறது. கீதா என்பது அங்கே வழங்கிய நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய மொழி) பெண்பெயர். நம் பெயரோடு அதற்குத் தொடர்பில்லை. அரசர் பெருமை பேசும் கல்லைவிட இந்தக் குச்சி எனக்கு நெருக்கமானது. எழுதத் தெரிந்த எளிய மக்கள் கையில் அந்த எழுத்து எப்படிப் புழங்கிற்று என்பதை அதுவே காட்டுகிறது.

ஆங்கிலத்துக்கு வருவோம். மூத்த ஃபுதார்க் ஸ்காண்டிநேவியாவில் சுருங்கியபோது, கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் அது வளர்ந்தது. பழைய ஆங்கிலம் பேசிய ஆங்கிலோ-சாக்சன் மக்கள் தங்கள் மொழியின் புதிய உயிரொலிகளுக்குப் புதிய ரூன்களைச் சேர்த்தார்கள். அந்த வரிசைக்கு ஃபுதோர்க் என்று பெயர். தேம்ஸ் ஆற்றில் 1857இல் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் குறுவாள் ஒன்றில் இவ்வரிசையின் 28 ரூன்கள் முழுமையாக இழைக்கப்பட்டுள்ளன. பக்கத்தில் ‘பேயக்நோத்’ என்ற ஆள்பெயரும் உண்டு. ஸ்காட்லாந்தின் ரத்வெல் சிலுவையைப் பொறித்தவர்கள் இன்னும் ஒருபடி மேலே சென்றார்கள். ஒரே ரூன் ‘ச்’ என்றும் ‘க்’ என்றும் இருவகையாக ஒலிக்கத் தொடங்கியிருந்ததால், ‘க்’ ஒலிக்கென்று தனி ரூனைக் கையாண்டார்கள். ஆகவே ஆங்கிலத்தை ரூனில் எழுத விரும்புபவருக்கு நான் பரிந்துரைப்பது ஃபுதோர்க்தான். அது ஆங்கிலத்துக்காகவே வளர்ந்த வரிசை. வைக்கிங்குகளின் கைவண்ணமே வேண்டும் என்றால் இளைய ஃபுதார்க்கை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ‘பீஸ் அண்ட் ஜாய்’ அதில் ‘பிஸ் அட் யுய்’ என்பதுபோல் ஆகும், முதல் ரூனும் ‘பஸ்’ என்பதன் பகரத்துக்கு உரியதாக இருக்கும். பரிசு பெறும் நண்பரால் அதைப் படித்தறிய முடியாது.

இனி உங்கள் வாசகத்தின் முதல் சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘பீஸ்’ என்பதை ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தால் எழுதுகிறோம். அந்த ஐந்துக்கும் ஒவ்வொரு ரூனை வைத்தால், ஆங்கிலோ-சாக்சன் காலத்தவர் ஒருவர் அதைப் ‘பெஅச்செ’ என்பதுபோல் படித்திருப்பார். நம் காதில் விழுவதோ மூன்றே ஒலிகள்: ப், ஈ, ஸ். எனவே பெயோர்த், ஈஸ், சிகெல் என்னும் மூன்று ரூன்களே போதும். எழுத்துக்கும் ஒலிக்கும் இவ்வளவு தூரம் ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. 15ஆம் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கிய பெரும் மாற்றத்தில் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் இடம்பெயர்ந்தன. எழுத்துக்கூட்டலோ பழைய ஒலியைச் சுமந்துகொண்டு அங்கேயே நின்றுவிட்டது. வீரரைக் குறிக்கும் ‘நைட்’ என்ற சொல்லில் ஒலிக்காமல் கிடக்கும் எழுத்துகள் பழைய ஆங்கிலத்தில் உண்மையிலேயே ஒலித்தவை. இன்றைய சொல்லை எழுதும்போது அவற்றை ரூனாக்க வேண்டியதில்லை.

பலரும் தவறிவிடும் இடம் ஒன்று உண்டு: உருவத்தைப் பார்த்து ரூனைத் தேர்ந்தெடுப்பது. ரூன்கள் சிலவற்றுக்கு ரோமன் எழுத்தின் சாயல் உண்டு. ஆர், ‘பஸ்’ என்பதன் தொடக்கமான பி போன்றவற்றில் அந்தச் சாயல் சரியாகவே வழிகாட்டும். மற்ற இடங்களில் கெடுத்துவிடும். நட்டுவைத்த கோலின் உச்சியில் முக்கோணக் கொடிபோல நிற்கும் ரூனைப் பார்த்தவுடன் ‘பீஸ்’ என்பதன் முதல் எழுத்து என்றே தோன்றும். அது ‘வின்’ என்னும் ரூன், அதன் ஒலி வகரம். இரண்டு கோல்களை மேலே சாய்கோடுகளால் இணைத்த ரூன் அச்சு அசலாக ‘எம்’ எழுத்தைப் போலிருக்கும். அதன் ஒலி எகரம். பெருக்கல் குறி போன்ற ரூனை எக்ஸ் என்று எடுத்துக்கொள்பவர் உண்டு. அது ‘கிஃபு’, ‘தங்க’த்தின் ககரம். சாயலை மட்டும் நம்பிச் செதுக்கினால் சமாதானம் என்ற சொல் வேறெதுவோ ஆகிவிடும்.

‘அண்ட்’ என்பதில் தொல்லை இல்லை. பழைய ஆங்கிலத்திலும் அதே சொல் அதே பொருளில் வழங்கியது. அகரம், நகரம், அதிர்வுள்ள டகரம் என மூன்று ரூன்கள்.

‘ஜாய்’ அப்படியன்று. அட்டவணைகள் எல்லாம் ஜே எழுத்துக்கு நேரே ‘ஆண்டு’ என்று பொருள்படும் ரூனைக் காட்டும். அந்த ரூனின் ஒலி யகரம். அதை வைத்தால் படிப்பவர் ‘யாய்’ என்றுதான் படிப்பார், ஜகரம் வராது. பழைய ஆங்கிலத்தில் ஜகரத்தை ஒத்த ஒலி சொல்லின் இடையிலும் இறுதியிலும் வந்தது. பாலம், விளிம்பு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களில் அதைச் சுவடி எழுதியவர்கள் ‘சி’, ‘ஜி’ என இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதினார்கள். சொல்லின் தொடக்கத்தில் அவ்வொலி வந்ததே இல்லை. ‘ஜாய்’ என்ற சொல் 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றதன் பிறகு பிரெஞ்சிலிருந்து வந்தது. எனவே நீங்கள் ‘ஜாய்’ என்றே எழுத உறுதியாக இருந்தால், சுவடி எழுதியவர்களின் வழியைப் பின்பற்றி ‘கேன்’, ‘கிஃபு’ என்னும் இரண்டு ரூன்களை அடுத்தடுத்து வைத்து, பின்னர் ஒகரத்தையும் இகரத்தையும் சேர்க்கலாம். இது என் தீர்வு. பண்டைச் சான்று உள்ள ஒன்றன்று.

மற்ற ஒலிகளுக்கும் இவ்வாறே வழி காணலாம். ‘திங்க்’, ‘திஸ்’ இரண்டின் தொடக்கத்துக்கும் ‘தோர்ன்’ என்ற ஒரே ரூன் போதும். தமிழில் நாமும் இரண்டுக்கும் தகரத்தையே எழுதுகிறோம். இந்த ரூன் பின்னர் ரோமன் எழுத்துகளோடு சேர்ந்து ஆங்கிலச் சுவடிகளில் நெடுங்காலம் வாழ்ந்தது. அதன் வடிவம் தேய்ந்து ஒய் எழுத்தைப் போல ஆனதால்தான் பழங்காலப் பாணியில் எழுதும் கடைப்பலகைகளில் ‘தி’ என்ற சொல் ‘யீ’ என்று தவறாகப் படிக்கப்படுகிறது. ‘ஷிப்’, ‘ஃபிஷ்’ போன்றவற்றின் ஷகரத்துக்கு ‘ஸ்’ ஒலிக்குரிய சிகெலும் கேனும் சேர்ந்து நிற்கும். 8ஆம் நூற்றாண்டின் ஃபிராங்க்ஸ் பேழையில், திமிங்கில எலும்பின்மேல், ‘மீன்’ என்ற பழைய ஆங்கிலச் சொல் அப்படித்தான் செதுக்கப்பட்டுள்ளது. ‘கிங்’ என்பதன் இறுதிக்கு ‘இங்’ என்ற தனி ரூன் உண்டு. வி என்ற எழுத்துக்கு ஃபகர ரூன், இசட்டுக்குச் சிகெல் ரூன், எக்ஸ் வரும் இடத்தில் க், ஸ் ஆகிய இரண்டு ரூன்கள். கியூ எழுத்தை க், வ் என்று பிரித்து எழுத வேண்டும். பழைய ஆங்கிலத்தின் அறிஞரான டோல்கீன் 1937இல் வெளியிட்ட ‘தி ஹாபிட்’ நூலின் வரைபடத்தில் இக்கால ஆங்கிலத்தை ஆங்கிலோ-சாக்சன் ரூன்களில் எழுதியபோது அவரும் கியூவுக்கு இந்த வழியையே கொண்டார். ஆனால் அவர் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தழுவியே எழுதினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலம் அறிந்த இன்றைய வாசகர் எளிதில் படிக்க வேண்டும் என்றால் அதுவும் ஒரு நெறிதான். ஒலிவழியையும் எழுத்துவழியையும் ஒரே வாசகத்தில் கலக்காதிருந்தால் போதும்.

கணினியில் மாதிரி தயாரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1999இல் வந்த யூனிகோட் 3.0 பதிப்பிலேயே ரூன்கள் இடம்பெற்றுவிட்டன. 2014இல் மேலும் 8 சேர்ந்தன, அவற்றுள் 3 டோல்கீன் பயன்படுத்தியவை. ஆனால் மூன்று வரிசைகளின் ரூன்களும் அங்கே ஒரே தொகுதியில் கலந்தே கிடக்கின்றன. கைக்கு வந்ததை எடுத்தால் ஒரே சொல்லில் நூற்றாண்டுகள் பல கலந்துவிடும். அதேபோல, 18 ரூன்கள் கொண்ட வரிசை ஒன்று பழமையானது என்ற பெயரில் உலவுகிறது. அது ஆஸ்திரியாவின் கீடோ ஃபோன் லிஸ்ட் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது, அதைத் தவிர்த்துவிடுங்கள். சிகெல் ரூனை ஒருபோதும் இரட்டையாகச் செதுக்க வேண்டாம். நாஜிப் படைப்பிரிவு ஒன்று அதைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. ஒரு வீட்டின் வாசலில் அதன் நிழல்கூட விழக்கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் மனத்தில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். ‘பீஸ்’, ‘ஜாய்’ இரண்டுமே பிரெஞ்சு வழியாக வந்த சொற்கள். ரூன் பொறித்த ஆங்கிலேயர் சமாதானத்துக்கு ‘ஃப்ரித்’ என்றும், மகிழ்ச்சிக்கு ‘வின்’ என்றும் சொன்னார்கள். ஆம், முன்பு கண்ட அந்தக் கொடிபோன்ற ரூனின் பெயரே மகிழ்ச்சி என்று பொருள்படும். துன்பமும் நோவும் கவலையும் குறைவாக உடையவரே மகிழ்ச்சியைத் துய்ப்பவர் என்று ஆங்கிலோ-சாக்சன் ரூன் பாடல் அந்த எழுத்துக்கு விளக்கம் சொல்கிறது. கின்வுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் கவிஞர் தம் பாடல்களில் ரூன்களால் பெயரைப் பொதிந்து வைத்தபோது, ஒரு ரூனை அதன் பெயர்ச்சொல்லாகவே படிக்கும்படி அமைத்தார். அந்த வழக்கை ஒட்டி, ‘ஃப்ரித் அண்ட்’ என்று ஏழு ரூன்களைச் செதுக்கி, எட்டாவதாக வின் என்ற ஒற்றை ரூனை வைத்தாலே உங்கள் வாசகம் நிறைவு பெறும். வைக்கிங் மொழியிலேயே வேண்டும் என்றால், அவர்கள் வேண்டுதலில் வழங்கிய இணைமொழி ஒன்று உண்டு: ‘ஆர் ஓக் ஃப்ரித்ர்’, நல்விளைச்சலும் சமாதானமும். ‘ஓக்’ என்பதை யெல்லிங் கல்லில் உள்ளபடி ‘அஉக்’ என்று மூன்று ரூன்களால் எழுத வேண்டும். புதுமனைக்கு இதைவிடப் பொருத்தமான வாழ்த்தை என்னால் நினைக்க முடியவில்லை.

செதுக்கும் முன் பலகையில் இரண்டு இணைகோடுகளைப் பென்சிலால் இட்டு, எல்லா ரூன்களின் நடுக்கோலும் அவ்விரு கோட்டையும் தொடும்படி வரைந்துகொள்ளுங்கள். மர நாரின் போக்கிலேயே படுக்கைக்கோடு போட்டால் அது தெளிவாகத் தெரியாது, மரமும் பிளக்கும். கிளைகளை எல்லாம் சாய்வாகவே வெட்டுங்கள். சொற்களுக்கு இடையே இடைவெளிக்குப் பதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு புள்ளிகள் போதும். நீங்கள் ‘ஃப்ரித் அண்ட் வின்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், முதல் சொல்லின் இறுதியில் வரும் தோர்னையும் கடைசியில் வரும் வின்னையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரு கோலும் ஒரு முக்கோணமும்தான். தோர்னில் முக்கோணம் கோலின் நடுவில் நிற்கும், வின்னில் உச்சியில் நிற்கும். தோர்ன் என்றால் முள். ஆகவே கடைசி ரூனின் முக்கோணம் கோலின் உச்சியிலிருந்தே தொடங்குகிறதா என்று உளியை வைப்பதற்கு முன் ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள்.